உங்களுக்குத் தெரியுமா? வடிவத்தைக் காப்பியடித்ததாக நோட்டீஸ் வந்தால்…

● சுதந்திர தேவி சிலைக்கு டிசைன் பேட்டன்ட் உண்டு. பிரெஞ்சுச் சிற்பி பர்தோல்டி 1879 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவில் அதை வாங்கினார், எண் 11,023. நியூயார்க் துறைமுகத்தில் சிலை திறக்கப்பட்டது 1886 அக்டோபர் 28 அன்றுதான். ஏழு ஆண்டுகளுக்கு முன்பே தோற்றத்தைப் பதிவு செய்துவிட்டார் மனிதர். அத்தனை உயரச் சிலையை யார் காப்பியடிக்கப்போகிறார்கள் என்கிறீர்களா? மேஜைமேல் வைக்கிற குட்டிச் சிலைகளை வார்த்து விற்க ஆளுக்கா பஞ்சம்!

● அமெரிக்காவின் முதல் டிசைன் பேட்டன்ட் அச்செழுத்துக்குக் கிடைத்தது. 1842 ஆகஸ்ட் 29 அன்று சட்டம் பிறந்தது. நவம்பர் 9 அன்று நியூயார்க்கின் அச்செழுத்து வார்ப்பாளர் ஜார்ஜ் புரூஸ் முதல் எண்ணைத் தட்டிச் சென்றார்.

● இந்தியாவும் இதில் பின்தங்கிவிடவில்லை. வடிவங்களைக் காக்க இங்கே 1872-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2000-ஆம் ஆண்டின் டிசைன்ஸ் சட்டம். 2001 மே 11 முதல் அமலில் இருக்கிறது. டிசைன் பதிவின் தலைமையிடம் கொல்கத்தா. சென்னை அலுவலகத்திலும் விண்ணப்பம் கொடுக்கலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் விண்ணப்பக் கட்டணம் ஆயிரம் ரூபாய், மற்றவர்களுக்கு நாலாயிரம். வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் பணமே இல்லை.

● ஒரு மிக்ஸி எப்படி அரைக்கிறது என்பதைக் காப்பது வழக்கமான பேட்டன்ட். அது பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதைக் காப்பது டிசைன் உரிமை. அமெரிக்காவில் 2015 மே 13 முதல் விண்ணப்பித்தவற்றுக்கு, பேட்டன்ட் வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள் ஆயுள். அதற்கு முந்தையவற்றுக்கு 14. இடையில் புதுப்பிக்கும் கட்டணம் எதுவும் இல்லை. இந்தியாவில் 10 ஆண்டுகள். கட்டணம் கட்டி நீட்டித்தால் இன்னும் 5. நீட்டிக்க மறந்தால் பத்தோடு சரி. தவறியவர்கள் ஓராண்டுக்குள் மீட்டுக்கொள்ள மனுப் போடலாம், அவ்வளவுதான். ஆகவே, ‘எங்கள் வடிவத்தைத் திருடிவிட்டீர்கள்’ என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால், மன்னிப்புக் கடிதம் எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியப் பதிவுகளை இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம்.

● அமெரிக்க டிசைன் பேட்டன்ட்டில் உரிமை கோரும் வாசகம் ஒரே ஒரு வரிதான்: படத்தில் காட்டியபடி இன்ன பொருளின் அலங்கார வடிவம். மற்றதெல்லாம் படம் பேசும். முழுக்கோட்டால் வரைந்தது உரிமைக்குள் அடங்கும். விட்டுவிட்டு வரைந்த கோடு, பொருளின் மிச்சப் பகுதி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு மட்டும்; அதற்கு உரிமை கிடையாது. கெட்டிக்கார விண்ணப்பதாரர்கள் முழுக்கோடுகளைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கோடு குறையக் குறைய உரிமையின் வீச்சு பெருகும். ஆனால் அகல வலை விரித்தால் பழைய மீன்களும் அதில் சிக்கும்: அதே சில கோடுகளோடு இருபது வருடத்துக்கு முந்தைய பொருள் ஒன்று கிடைத்தால் பேட்டன்ட்டே கவிழ்ந்துவிடும். எதிர்வாதி வக்கீல்கள் முதலில் கையில் எடுப்பது பேனாவை அல்ல, பூதக்கண்ணாடியை.

● ‘ஒரே மாதிரி இருக்கிறது’ என்று யார் சொல்ல வேண்டும்? துறை நிபுணரா, கடைக்கு வரும் சாமானியரா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது கரண்டியால்.

கோரம் என்ற அமெரிக்க வெள்ளிச் சாமான் நிறுவனம் கரண்டி, முள்கரண்டிகளின் கைப்பிடிக்கு 1861-இல் டிசைன் பேட்டன்ட் வாங்கியிருந்தது. ஒயிட் என்பவர் கிட்டத்தட்ட அதே சாயலில் கைப்பிடிகள் செய்து, அவற்றுக்குத் தாமும் பேட்டன்ட் வாங்கிக்கொண்டார். நிபுணர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசங்களை அடுக்கினார்கள். கீழ்க் கோர்ட்டும் அதை ஏற்றது. 1871-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. வழக்கமாகப் பொருள் வாங்குபவர் செலுத்தும் அளவு கவனத்தோடு பார்க்கும் சாதாரண மனிதர், இதை அதுவென்று நினைத்து வாங்கிவிடுவாரா? ஆம் என்றால் மீறல். நிபுணரின் கண் ஏமாறாது. ஆனால் கரண்டி வாங்குவது நிபுணர் அல்லவே. நூற்றைம்பது ஆண்டுகள் தாண்டியும் அமெரிக்க டிசைன் வழக்குகளின் அடிக்கல் இந்தக் கரண்டிதான்.

● அந்தச் சாதாரண மனிதருக்கு 2008-இல் கொஞ்சம் ஞாபகசக்தி கூட்டினார்கள். எகிப்ஷியன் காடஸ் என்ற நிறுவனம், நகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் சதுரக் குழல் ஒன்றுக்கு டிசைன் பேட்டன்ட் வைத்திருந்தது. நாலு பக்கத்தில் மூன்றில் தேய்ப்புப் பட்டை. ஸ்விசா நிறுவனத்தின் குழலில் நாலு பக்கமும் பட்டை. வழக்கு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வுவரை போனது. அந்தச் சாதாரண மனிதர் சந்தையில் முன்பே இருந்த வடிவங்களையும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்றது அமர்வு. பழைய வடிவங்கள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தால், சின்ன வித்தியாசமும் கண்ணில் பெரிதாகத் தெரியும். ஒரே ஒரு பட்டை. ஸ்விசா தப்பித்தது.

எதிர்வாதிக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பழைய வடிவங்களைத் தேடிச் சேர்ப்பது எதிராளியின் பேட்டன்ட்டை உடைக்க மட்டும் அல்ல; உடைக்க முடியாவிட்டாலும், அதன் எல்லையைச் சுருக்க உதவும்.

● குழந்தைகள் ஏறி உட்கார்ந்து இழுத்துச் செல்லும் சூட்கேஸைப் பார்த்திருப்பீர்கள். பெயர் ட்ரங்கி. ராப் லா என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளரின் படைப்பு. பிபிசியின் ‘டிராகன்ஸ் டென்’ நிகழ்ச்சியில் 2006-இல் முதலீடு கிடைக்காமல் போயும், உலகச் சந்தையில் சக்கைப்போடு போட்ட பொருள். அதைப் பார்த்து, மலிவு விலையில் கிட்டி கேஸ் என்றொரு சூட்கேஸ் வந்தது. அதற்கு விதை ட்ரங்கிதான் என்பதில் நீதிபதிகளுக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் ட்ரங்கி தோற்றது.

காரணம் படங்கள். 2003-இல் ஐரோப்பியப் பதிவுக்குக் கொடுத்தவை கம்ப்யூட்டரில் உருவாக்கிய சாம்பல் நிற முப்பரிமாணப் படங்கள். வெறும் கோட்டோவியமாகக் கொடுத்திருந்தால் உருவம் மட்டும் உரிமையாகியிருக்கும். மேலே எந்த அலங்காரம் போட்டாலும் பொருட்டில்லை. சாம்பல் படத்திலோ கொம்புள்ள மிருகம் ஒன்று தெரிந்தது. மேனி வெறுமையாக இருந்தது. சக்கரங்கள் கறுப்பில் எடுப்பாக நின்றன. கிட்டி கேஸிலோ உணர்கொம்பு நீட்டிய வண்டு, காது நீண்ட மிருகம். மேலெல்லாம் புள்ளியும் வரியும். பார்வைக்கு ஏற்படும் மொத்த எண்ணமே வேறு என்றது அப்பீல் கோர்ட். 2016 மார்ச் 9 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கருத்து புத்திசாலித்தனமானது என்று அனுதாபம் காட்டிவிட்டு, டிசைன் உரிமை கருத்தைக் காப்பதில்லை என்று கையை விரித்தது. கோட்டோவியமாகவே கொடுத்திருக்கலாமே என்று அங்கலாய்க்காத வடிவமைப்பாளர் அன்று பிரிட்டனில் இருந்திருக்க மாட்டார்.

● நாற்காலிக்கு வாங்கிய டிசைன் பேட்டன்ட்டைக் கொண்டு கூடைக்காரர்மீது வழக்குப் போட முடியாது. கர்வர் நிறுவனம் போட்டுப் பார்த்தது. பின்னல் பாணி ஒன்றுதான். ஆனால் அதன் பேட்டன்ட்டில் ‘நாற்காலிக்கான வடிவம்’ என்றே எழுதியிருந்தது. 2019-இல் மீறல் இல்லை என்று அமெரிக்காவில் தீர்ப்பு. 2021-இல் அதே சட்டக்கருத்து மறுபக்கமாக வேலை செய்தது. உதட்டில் பொருத்தும் செயற்கைத் துண்டின் வடிவத்தைப் பேட்டன்ட் அலுவலகம் நிராகரித்திருந்தது; ஓவியர்கள் கரிக்கோட்டைத் தேய்க்கப் பயன்படுத்தும் காகிதச் சுருள் அதே உருவத்தில் இருக்கிறதாம்! உதடு வேறு, காகிதச் சுருள் வேறு என்று கோர்ட் சொல்லித் திருத்தியது. இந்தியாவிலும் எந்த வகைப் பொருளுக்குப் பதிவோ அந்த வகைக்குள்தான் மீறலைப் பேச முடியும். நோட்டீஸில் வகை எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

● பாடகி ரிஹானா ஒரு ஜோடி ஷூவின் டிசைன் உரிமையைக் காலி செய்திருக்கிறார், தமக்கே தெரியாமல். 2014 டிசம்பரில் அவர் பூமா நிறுவனத்துடன் கைகோத்தார்; அந்த மகிழ்ச்சியில் இன்ஸ்டாகிராமில் படங்கள் போட்டார். படத்தில் காலில் வெள்ளை ஷூ, கனத்த கறுப்பு அடி. அந்த வடிவத்தை ஐரோப்பாவில் பதிவு செய்ய பூமா விண்ணப்பித்தது 2016 ஜூலையில். அங்கே, வடிவம் வெளியே தெரிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். நெதர்லாந்து நிறுவனம் ஒன்று அந்தப் படங்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு ரத்து மனுப் போட்டது. 2014-இல் ரிஹானாவின் ஷூவை யார் உற்றுப் பார்த்திருப்பார்கள் என்று பூமா வாதாடியது. எடுபடவில்லை. 2024 மார்ச் 6 அன்று ஐரோப்பிய பொது நீதிமன்றம் பதிவு செல்லாது என்ற முடிவை உறுதி செய்தது.

● ஓட்டை ஓட்டையாக இருக்கும் கிராக்ஸ் செருப்புக்கும் இதே கதிதான். ஐரோப்பியப் பதிவுக்கு அது காட்டிய முன்னுரிமைத் தேதி, அதாவது முதலில் விண்ணப்பித்த தேதி, 2004 மே 28. ஆனால் 2002 நவம்பரிலேயே ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் படகுக் கண்காட்சியில் அந்தச் செருப்பு அரங்கேறிவிட்டது. நிறுவனத்தின் இணையதளத்திலும் இருந்தது. 2018 மார்ச் 14 அன்று ஐரோப்பிய பொது நீதிமன்றம் கிராக்ஸின் வாதத்தைத் தள்ளியது. அதற்கு முந்தைய மாதம்தான் டெல்லி ஐகோர்ட்டிலும் இந்தியச் செருப்பு நிறுவனங்களுக்கு எதிராக அது கேட்ட இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. அங்கேயும் காரணம் முன்கூட்டியே வெளியான வடிவம். 2019-இல் டிவிஷன் பெஞ்சும் அதை மாற்றவில்லை.

என்னைக் கேட்டால், டிசைன் வழக்கில் எதிர்வாதிக்கு வாய்க்கும் மிகச் சிறந்த சாட்சி வாதியின் விளம்பரப் பிரிவுதான்.

● அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சொந்தமாக வெளியிட்டவருக்கு ஓராண்டு சலுகை உண்டு. இந்தியாவில் அந்தத் தாராளம் இல்லை. மத்திய அரசு அறிவித்த கண்காட்சியில், முன்கூட்டியே டிசைன் பதிவுக் கண்ட்ரோலருக்குத் தகவல் கொடுத்துவிட்டு வைத்தால் ஆறு மாத அவகாசம். நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் காட்டியதை அவர் துரோகம் செய்து வெளியிட்டால் பாதகமில்லை. இப்படிச் சில விதிவிலக்குகள்தான். வெளிநாட்டில் வெளியானாலும் வெளியானதுதான். புது மாடலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ‘ரேட் கேளுங்க’ என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் பதிவுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களிடமிருந்து நோட்டீஸ் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக.

● ஆப்பிள் தன் ஐபேட் வடிவத்தை சாம்சங் திருடியதாக அமெரிக்காவில் வழக்குப் போட்டபோது, 2011-இல் சாம்சங் எடுத்துக் காட்டிய சான்றுகளில் ஒன்று ஸ்டான்லி குப்ரிக்கின் 1968 திரைப்படமான ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. விண்வெளி வீரர்கள் சாப்பிட்டபடியே தட்டையான திரையில் செய்தி பார்க்கும் காட்சி! ஜூரிமுன் அதைக் காட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் 2012-இல் ஜூரி அந்த டேப்லெட் வடிவப் பேட்டன்ட்டை சாம்சங் மீறவில்லை என்றே சொன்னது.

● அதே ஆண்டு லண்டனில் இன்னும் வேடிக்கை. சாம்சங்கின் கேலக்ஸி டேப், ஆப்பிளின் ஐரோப்பிய டிசைன் பதிவை மீறவில்லை என்று நீதிபதி காலின் பர்ஸ் தீர்ப்பளித்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சாம்சங் டேப்லெட்டுகளில் ஆப்பிளின் அந்த அசத்தலான எளிமை இல்லை என்பது. பாராட்டா திட்டா என்று ஆப்பிளே குழம்பியிருக்கும். ‘சாம்சங் மீறவில்லை’ என்று ஆப்பிள் தன் செலவில் இணையதளத்திலும் பத்திரிகைகளிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்றும் உத்தரவானது. ஆப்பிள் நக்கலாக ஓர் அறிவிப்பைப் போட, அப்பீல் கோர்ட் கோபித்துக்கொண்டு நவம்பரில் திருத்தி எழுதவைத்தது. வென்றவர்களுக்கு இப்படியும் பரிகாரம் கிடைக்கும்.

● பழைய சான்று கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிப்பதற்கு முன் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2008 தீர்ப்பு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோபால் கிளாஸ் ஒர்க்ஸ், கண்ணாடித் தகட்டில் அழுத்திய வேலைப்பாட்டுக்குப் பதிவு வைத்திருந்தது. பாரத் கிளாஸ் ட்யூப் நிறுவனம் ரத்து மனுப் போட்டது: அந்த வேலைப்பாட்டை அழுத்தும் உருளையே ஜெர்மனியிலிருந்து வந்தது, பல வருடங்களாக விற்பனையில் இருக்கிறது, இதில் புதுசு என்ன? கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. பதிவு அலுவலகமும் ரத்து செய்தது. கல்கத்தா ஐகோர்ட் பதிவை மீட்டுக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஆமோதித்தது. உருளையில் இருந்தது சரி; அதே வேலைப்பாடு கண்ணாடியில் இதற்கு முன் ஏறியதற்கு ஆதாரம் எங்கே என்பதுதான் கேள்வி. இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பிரிட்டிஷ் ஆவணத்திலும் கண்ணாடியின் தோற்றம் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இல்லை.

சான்று என்றால் தேதி, பொருள், தெளிவான படம் மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும். பழைய இன்வாய்ஸில் வெறும் மாடல் எண் இருந்தால் போதாது. அதே எண்ணோடு படம் அச்சான கேட்டலாக்கும் வேண்டும். பழைய கேட்டலாக்குகளை எடைக்குப் போடாதீர்கள்.

● வேலைக்காக மட்டுமே அமைந்த வடிவத்துக்கு டிசைன் உரிமை எங்கேயும் இல்லை. இந்தியச் சட்டம் கண்ணால் மட்டுமே மதிப்பிட வேண்டும் என்கிறது. வெறும் எந்திர அமைப்பை விலக்கிவிடுகிறது. அப்படியானால் ‘வேறு உருவத்திலும் இதைச் செய்திருக்கலாமே’ என்று காட்டிவிட்டால் வாதி ஜெயித்துவிடுவாரா? போதாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம், 2018-இல், வெல்டிங்கில் பயன்படும் பீங்கான் ஊசிகள் பற்றிய டோசெராம் வழக்கில். அந்த உருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தோற்றத்தைப் பற்றி யாராவது யோசித்தார்களா என்பதே முக்கியம்.

● காரின் பானெட் நசுங்கினால் அதே வடிவத்தில்தான் மாற்ற முடியும். ஆகவே அது பயன்பாடு சார்ந்தது, டிசைன் உரிமை செல்லாது என்று அமெரிக்காவில் உதிரிபாக வியாபாரிகள் ஃபோர்டுக்கு எதிராக வாதாடினார்கள். 2019-இல் தோற்றார்கள். வண்டியோடு பொருந்தி அழகாக இருப்பதும் அழகுதானாம். ஐரோப்பா வேறு பாதை. 2017-இல் போர்ஷே சக்கர வழக்கில், பழுது பார்க்கத் தயாரிக்கும் மாற்றுப் பாகங்களுக்கு விலக்கு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. எனக்கு ஐரோப்பியர்கள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. இடித்துக்கொண்டவருக்கு வேறு வடிவ பானெட் எதற்கு?

● தோற்றால் எவ்வளவு போகும்? அமெரிக்காவில் ஒருகாலத்தில் ஆறு சென்ட். 1885-இல் ஹார்ட்ஃபோர்ட் கார்ப்பெட் நிறுவனம் ஜெயித்தும், கம்பள லாபத்தில் எத்தனை பங்கு வடிவத்தால் வந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் கையில் கொடுத்தது ஆறே சென்ட். கம்பளத் தொழில் கொதித்தெழுந்தது. 1887-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது: மீறியவரின் மொத்த லாபத்தையும் பிடுங்கலாம்.

கம்பளத்துக்குப் போட்ட அந்தச் சட்டம், நூறு ஆண்டுகள் தாண்டி ஸ்மார்ட்போன்மேல் விழுந்தது. வட்ட முனை, விளிம்பு, ஐகான் வரிசை ஆகிய ஆப்பிளின் மூன்று டிசைன் பேட்டன்ட்டுகளுக்காக சாம்சங்கின் முழு போன் லாபமும் கணக்கில் வந்தது; 39.9 கோடி டாலர். ஒரு போனுக்குள் ஆயிரக்கணக்கான தொழில்நுட்பங்கள் இருக்க, முகப்புக்காக மொத்த லாபமா? 2016 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, லாபக் கணக்குக்கு முழு போனைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை, அதன் ஒரு பாகத்தையும் எடுக்கலாம் என்றார்கள். சாம்சங்குக்கு வெற்றி! வழக்கு திரும்பிப் போனது. 2018 மே மாதம் புது ஜூரி உட்கார்ந்து எண்ணியது. டிசைன் பேட்டன்ட்டுகளுக்கு மட்டும் 53.3 கோடி டாலர். ஜெயித்துவிட்டுக் கூடுதலாகக் கட்ட வேண்டிய நிலை. அடுத்த மாதமே சமரசம் ஆகிவிட்டது.

● இந்தியச் சட்டத்தில் எழுதிவைத்த தொகை, ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரை. ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000-ஐத் தாண்டாது. இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். வாதி அதை விட்டுவிட்டு நஷ்ட ஈடும் தடையாணையும் கேட்டு வழக்குப் போடலாம். போடுவார். சீசன் நேரத்தில் வரும் தடையாணைக்கு முன்னால் ஐம்பதாயிரம் எம்மாத்திரம்?

● பதிவை ரத்து செய்யக் கூடிய ஒவ்வொரு காரணத்தையும் மீறல் வழக்கில் எதிர்வாதமாகவே வைக்கலாம் என்கிறது டிசைன்ஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. புதியதல்ல, முன்பே வெளியானது, டிசைனே அல்ல, எதுவானாலும். அப்படி வைத்த மாத்திரத்தில் வழக்கு ஐகோர்ட்டுக்கு மாறிவிட வேண்டும். பிளாஸ்டிக் வாளி, மூடி வடிவம் பற்றிய இந்தூர் வழக்கு ஒன்றில், கமர்ஷியல் கோர்ட்டுகள் வந்த பிறகும் இந்த விதி நிற்கிறதா என்ற கேள்வி எழுந்தது. நிற்கிறது என்று 2020 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியாகக் கண்ட்ரோலரிடம் ரத்து மனுப் போடும் வழியும் திறந்தே இருக்கிறது.

● ‘என்னிடமும் பதிவு இருக்கிறது’ என்பது கேடயம் ஆகாது. வாஷிங் மெஷின் வடிவத்துக்காக வேர்ல்பூல், வீடியோகான்மீது வழக்குப் போட்டது. வீடியோகானிடமும் ஒரு டிசைன் பதிவு இருந்தது. பதிவு பெற்றவர்மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்று பம்பாய் ஐகோர்ட் சொல்லிவிட்டது. கரண்டி ஒயிட்டும் பேட்டன்ட் வைத்திருந்தவர்தானே!

● துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு 50 என்ற எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். டிசைனாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதிவு செய்யாமலே, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால், அதன்மேல் காப்பிரைட்டும் போய்விடும் என்கிறது காப்பிரைட் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. ரித்திகா நிறுவனம் தன் ஆடை வடிவங்களை பீபா எடுத்துக்கொண்டது என்று டெல்லி ஐகோர்ட் போய், 2016-இல் இந்த ஐம்பதில் தடுக்கி விழுந்தது. எதுவரை கலைப்படைப்பு, எங்கிருந்து டிசைன் என்று பிரித்தறியும் இரண்டு கட்டச் சோதனையை 2025 ஏப்ரல் 15 அன்று கிரையோகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. அந்த வழக்கு எரிவாயு டேங்கர் டிரெய்லரின் வரைபடங்கள் பற்றியது. ஆனாலும் திருப்பூர்க்காரர்களும் படிக்கலாம்.

● டிசைன் உரிமை நாட்டு எல்லையைத் தாண்டாது. அமெரிக்கப் பேட்டன்ட்டை வைத்து ஈரோட்டில் விற்பதைத் தடுக்க முடியாது. ஆனால் அமெரிக்காவுக்கு அனுப்பினால் அங்கே மீறல். ஒரு நாட்டில் விண்ணப்பித்தவர் ஆறு மாதத்துக்குள் இன்னொரு நாட்டில் விண்ணப்பித்தால் பழைய தேதியையே கோரலாம். ஆகவே இங்கே எதிராளியின் பதிவைச் சோதிக்கும்போது முன்னுரிமைத் தேதியைப் பார்க்கத் தவறாதீர்கள்.

இணையத்தில் அமெரிக்காவுக்கு விற்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சிகாகோ ஃபெடரல் கோர்ட்டில், பட்டியல் ஒன்றில் நூற்றுக்கணக்கான ஆன்லைன் விற்பனையாளர்களை மொத்தமாகச் சேர்த்து வழக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. முதலில் பட்டியல் ரகசியம். விற்பனைக் கணக்கில் இருக்கும் பணம் முடங்கிய பிறகுதான் பலருக்கு வழக்கே தெரியவரும்.

● இந்தியாவில் அந்தத் திகைப்பைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவு. நோட்டீஸ் வந்தது, எதிராளி கோர்ட்டுக்குப் போவார் என்று தோன்றுகிறது. உடனே கேவியட் மனுப் போட்டு, அவருக்கும் பதிவுத் தபாலில் தெரிவித்துவிட்டால், 90 நாட்களுக்கு உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கொடுக்க மாட்டார்கள். எங்கே வழக்குப் போடுவார் என்று ஊகிப்பதில்தான் சிரமம்.

● கோகோகோலா பாட்டிலின் டிசைன் பேட்டன்ட் 1915 நவம்பர் 16 தேதியிட்டது. கோகா இலையைப் பார்த்து வரையப் போனவர்கள், கலைக்களஞ்சியத்தில் சம்பந்தமே இல்லாத கொக்கோக் காயின் படத்தைப் பார்த்து வரைந்ததால் வந்த வடிவம் அது. 1923 கிறிஸ்துமஸ் அன்று இன்னொரு பேட்டன்ட். 1960-இல் அந்த உருவமே டிரேட்மார்க் ஆகிவிட்டது. அதற்குக் காலக்கெடு கிடையாது. டிசைன் காலாவதியானது என்று அச்சு வெட்டக் கிளம்புகிறவர்கள் டிரேட்மார்க் பதிவேட்டையும் ஒருமுறை புரட்ட வேண்டும்.

● கடைசியாக, வாதியின் பொருளை ஒன்று வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பதிவு பெற்ற வடிவம் என்ற குறியையும், விதி கேட்கும் இடங்களில் பதிவு எண்ணையும் பொருளில் போட வேண்டியது உரிமையாளரின் கடமை என்கிறது நம் டிசைன்ஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. போடாவிட்டால், தாம் எல்லா ஏற்பாடும் செய்திருந்ததாகவோ, உங்களுக்குப் பதிவு பற்றித் தெரியும் என்றோ அவர் நிரூபிக்க வேண்டும். இல்லையேல் பணம் எதுவும் வசூலிக்க முடியாது. தடையாணை மட்டும் கேட்கலாம். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அந்த உறையிலேயே குறித்து வையுங்கள். தெரிந்த நாள் எது என்ற கேள்வி கட்டாயம் வரும்.